குள்ளர் வீட்டுக்குள்

கவுஞ்சியில் எங்கள் பஸ் பஞ்சர். சும்மா உட்கார எனக்கு வருமா? இறங்கிப் பக்கத்துப் பூண்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். அங்கே பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஆதிகாலத்துக் குள்ளர் வீடு ஒன்று. தொல்லியல் படிக்கிற பெண் அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்க, தோட்டக்காரம்மா மறிக்கிறாள்.

“எங்க சாமியத் தூக்கிட்டுப் போகவா வந்தீக?”

“கல்லு இங்கனயேதான் இருக்கும்க்கா. இதப் பாருங்க.”

அந்தப் பெண் விரித்துக் காட்டும் கம்ப்யூட்டருக்குள் அந்த வீடே நிற்கிறது. விரல் பட்டால் திரும்புகிறது! எழுத்தறியாத எனக்கே எல்லாம் புரிகிறது. கேமராவைக் குச்சியில் கட்டி, கல் ஓட்டை வழியாக எடுத்த உள்பக்கமும் வருகிறது.

“ஆத்தி, எம் வெளக்கு!”

வெள்ளிதோறும் தோட்டக்காரம்மா வெளியே நின்று, ஓட்டைக்குள் கைவிட்டு விளக்கு வைப்பாளாம். உள்ளே யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதாம். கண் கலங்க என்னை அதட்டுகிறாள்.

“உள்ள வந்துட்டோம்ல, செருப்பக் கழட்டுங்க ஆத்தா!”