எனக்கு முன்னே ஊர் போய்ச் சேர்ந்தவன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் எங்களை இழுத்துக்கொண்டு போன காட்டில், பக்கத்தில் படுத்தவன் காலையில் விறைத்துக் கிடப்பான். அவனைப் புதைத்துவிட்டு வந்து அதே இடத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு நிழல்கூட என்னை வந்து தொட்டதில்லை. அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

எடப்பாடிக்கு மேற்கே, காவேரிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். கல்யாணமான மூன்றாம் வருடம் மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் பாறை தெரிந்தது. மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவி பாவாயியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன். நடுவில் சண்டை வந்தது, கடிதம் நின்றது, சயாம் வந்தது. எல்லாம் ஓய்ந்து, புண் பிடித்துச் சூம்பிப்போன வலது காலை இழுத்துக்கொண்டு நான் கோலாலம்பூர் வந்து சேர்ந்தபோது ஏழு வருடம் ஓடியிருந்தது.

ஊருக்குக் கப்பல் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு, அங்கே இருக்கிற நம்மவர்களைக் கவனிக்க இந்திய சர்க்கார் வைத்திருந்த ஏஜெண்டு ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனால், நீ இன்னான்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சயாம் மழையில் சட்டையே மிஞ்சவில்லை, காகிதமா மிஞ்சும்? தஞ்சாவூர்ப் பக்கத்துக் குமாஸ்தா ஒருவர் இரக்கப்பட்டு இரண்டு படிவம் எழுதினார். ஒன்றில் என் இடது கட்டைவிரல் ரேகையை வாங்கி அங்கேயே பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். இன்னொன்று ரேகை இல்லாமல் சேலத்துக்குப் போகும், அங்கிருந்து எங்கள் ஊர் மணியக்காரருக்குப் போகும், அவர் உறவுக்காரர்களை விசாரித்து, ஆமாம் இவன் எங்கள் ஊர்க்காரன்தான் என்று எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி இறங்கியது. ஊரை விட்டுப் போன பிறகு பட்ட காயம், ஊரில் யாரும் கண்டதில்லை.

அப்புறம் காத்திருப்புதான். தினமும் காலையில் போய் அந்த ஆபீஸ் வாசலில் நிற்பேன். உட்கார முடியாது, நின்றால் கால் கடுக்கும், வெளியே நாலடி நடப்பேன், அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று ஓடி வருவேன். ராத்திரி படுத்தால் கப்பல் போய்விட்ட மாதிரியே இருக்கும். பாவாயி என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, அவள் இருக்கிறாளோ இல்லையோ, ஒன்றும் தெரியாது.

ஆவணி முடிகிற சமயம், ஒரு நாள் குமாஸ்தா என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் முன்னால் இரண்டு படிவமும் விரித்துக் கிடந்தன. கையில் பூதக்கண்ணாடி.

"ஏன்யா, நடுவுல நீ ஊருக்குப் போயிட்டு வந்தியா?"

"சீட்டே இல்லாம எப்படிங்க போவேன்? தெனமும் உங்க கண்ணு முன்னாடிதானுங்களே நிக்கறேன்."

அவர் காகிதங்களை என் பக்கம் திருப்பினார். ஊரிலிருந்து வந்த படிவத்தில் மணியக்காரர் எழுதியிருந்தார்: மேற்படியான் ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் என் முன் நேரில் ஆஜராகி ரேகை வைத்தான். கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே வெள்ளைக் கோடாக அந்தத் தழும்பு.

என் விரலை நானே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வரிசையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், குமாஸ்தாவே என்னைத்தான் கூப்பிட்டு விலக்கிவிடச் சொன்னார். அவருக்கும் அது ஞாபகம் இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"நான் எதுவும் கேக்கலை, நீயும் எதுவும் சொல்லலை. கப்பலைப் பார்த்துப் போய்ச் சேரு."

நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறி, சங்ககிரியில் இறங்கி, ஒரு பருத்தி வண்டியில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். இரண்டு பக்கமும் கள்ளி வேலி போட்ட இட்டேரியில் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறேன். ஏழு வருடம் கழித்து வருகிறவனைக் கண்டால் கத்துவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பாவாயி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, போயிட்டு வாரேன்னு போனவரு, மூணு மாசம் கழிச்சா வருவீங்க?"

அப்புறம் என் காலைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "இதென்னுங்க காலு? அன்னைக்கு நல்லாத்தான நடந்து வந்தீங்க?"

நான் நேரே மணியக்காரர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் கணக்கும் காகிதமுமாக வாழ்ந்த மனிதர், பொய் பேசத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

நான் சயாமில் காலராக் கொட்டகையில் செத்துவிட்டதாக, முன்பே திரும்பிய ஒருவன் ஊரில் சொல்லிவிட்டானாம். பாவாயி நம்பவில்லை, தாலியைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அவள் அண்ணன் ஆடி கழிந்ததும் கருமாதி வைக்க நாள் பார்த்துவிட்டானாம். அந்த நேரத்தில்தான் படிவம் வந்திருக்கிறது. மணியக்காரர் எங்கள் வீட்டுக்கே போய் விசாரித்தார். செத்தவன் பேரைச் சொல்லி எவனோ கப்பலேறப் பார்க்கிறான், அப்படியே எழுதுங்கள் என்று மச்சான் சொல்ல, அவரும் பேனாவை மையில் தொட்டுவிட்டார்.

"அப்பத்தாம்ப்பா நீ இட்டேரியில வந்த. உச்சி வெயிலு. உன்ற மச்சான் வாயடைச்சுப் போயிட்டான். 'நீதான் வந்துட்டியே, இனி இந்தக் காயிதம் எதுக்குடா'ன்னு கேட்டேன். 'காயிதம் போனாத்தானுங்க வர முடியும்'னு சொல்லிப்போட்டு விரலை நீட்டுன. எனக்கு அப்ப அது வித்தியாசமாவே படலை, பாத்துக்க."

"அப்புறம்?"

"ரேகையை வெச்ச, தண்ணி வாங்கிக் குடிச்ச, சேலத்துல ஒரு சோலி இருக்குதுன்னு கெளம்பிட்ட. ஏம்ப்பா, உனக்கே மறந்துபோச்சா?"

ஆமாங்க, மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? மச்சான் மட்டும் கடைசி வரை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அன்றைக்கு என் உருவத்தில் வந்தவன் வராமல் போயிருந்தால் மணியக்காரர் 'இறந்தான்' என்று எழுதியிருப்பார், நான் அங்கேயே எவன் பேரோ திருடியவனாகச் செத்திருப்பேன். அதை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் யாரைக் கும்பிடுவது?

பாவாயியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவள் கத்தவில்லை. அதுவரை மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னாள். அன்று வாசல் தாண்டும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எங்கேயும் போக வேண்டாம் என்று அழுதாளாம். அதற்கு அவன் சொன்னானாம்:

"அங்க ஒருத்தன் கெடந்து தவிக்கிறான், பாவாயி. அவனை அனுப்பி வெக்கோணும்."

"அப்ப நீங்க?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தானாம், அவள் தலையைத் தடவினானாம், போய்விட்டானாம். கை சூடாகத்தான் இருந்தது என்கிறாள்.

இன்றைக்கும் உச்சிப்பொழுதில் எனக்குச் சோறு போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வாசல்படியில் வைத்துவிட்டு இட்டேரியைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் இங்கேதானே இருக்கிறேன், யாருக்கு அது என்று நான் கேட்டதில்லை.