சுத்த அறைக்குள் வந்த பச்சைத் தூள்

அன்று காலை சுத்த அறையின் பெட்டியைத் திறந்தபோது மூலையில் செத்த எறும்புகள் குவிந்து கிடந்தன. எறும்பு சாவது புதினமில்லை. தங்கள் பிணங்களை அவையே இழுத்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் போடும். அதை அள்ளுவது என் வேலைகளில் ஒன்று. ஆனால் அன்றைய குவியல் முதல் நாளையதைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்தேன். கழுத்து மடிப்பிலிருந்து வெள்ளை நூல் போல ஏதோ கிளம்பியிருந்தது.

அந்த வெள்ளை நூலை எனக்குத் தெரியும். அது எதிர் அறையில் இருக்கவேண்டியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பேர்ன் மாகாணத்தில் ஒரு கிராமத்து ஓரத்தில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எறும்புகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் மீன் வாடி, கொழும்பில் சாப்பாட்டுக்கடை, பிறகு இரண்டு வருடம் கப்பல், பிறகு கிழக்கு பெர்லின் வழியாக இங்கே. செய்த வேலைகளில் இதுதான் விசித்திரம்.

எறும்புகள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இலைவெட்டி எறும்பு என்பார்கள். ஒரு தோடை மரத்தை ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும். வெட்டுகிற இலையை அவை தின்பதில்லை. மென்று பரப்பி அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதைத்தான் தின்னும். அந்த நாட்டு விவசாயிகள் புற்றுக்குள் நஞ்சு கொட்டிக் கொட்டி மண்ணையும் கிணற்றையும் கெடுத்துவிட்டார்களாம். நஞ்சுக்குப் பதிலாக எறும்பை மட்டும் கொல்லும் ஒரு பூஞ்சணத்தை வளர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் நிலையத்தின் வேலை. ஏன் இந்தக் குளிர் நாட்டில் என்று ஒருமுறை கேட்டேன். தப்பி வெளியே போனாலும் பனியில் செத்துவிடும், அதனால்தான் என்றார் பொறுப்பாயிருந்த டொக்டர். ஐம்பது வயதுப் பெண்மணி, மெலிந்தவர், என் கப்பல் ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொள்பவர்.

இரண்டு அறைகள். நோயறையில் பூஞ்சணம் தடவிய எறும்புகள். செத்த எறும்பின் மேல் அது முதலில் வெள்ளை நூலாகக் கிளம்பி, பிறகு பச்சைத் தூளாக உதிரும். சுத்த அறையில் தாய்ப் புற்று, அதற்குள் ஒரே ஒரு ராணி. நோயறைக்குத் தேவையான எறும்புகள் எல்லாம் அவள் போட்ட முட்டைகள்தான். அவள் செத்தால் வேலைக்கார எறும்புகள் இன்னொரு ராணியை உண்டாக்கமாட்டா. அறையை மூடவேண்டியதுதான். எங்கள் வேலையும் அதோடு சரி.

எங்கள் என்றால் நானும் அண்ணையும். அகதிக் காம்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். காலையில் சுத்த அறைக்கு நான். மத்தியானத்துக்குப் பிறகு நோயறைக்கு அவர். அடுத்த வியாழக்கிழமை அவருக்கு பேர்னில் அகதி விசாரணை. நிலையம் தரப்போகும் வேலைக் கடிதம் ஒன்றைத்தான் அங்கே காட்ட நம்பியிருந்தார்.

டொக்டர் செத்த எறும்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நெடுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"இந்த அறைக்குள் யார் வந்தது?"

"நான் மட்டும்தான்."

"ராணியைப் புதுப் பெட்டிக்கு மாற்றலாம். ஆனால் இது எந்த வழியால் வந்தது என்று தெரியாமல் மாற்றினால், அதே வழியால் அங்கேயும் வரும்."

தண்ணீர், காற்றுக் குழாய், கையுறை, சப்பாத்து என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் விதிப்படியே இருந்தன. என்னையும் அப்படியே பார்த்தார்.

மத்தியானம் காம்புக்கு வந்து கட்டிலில் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டபோதுதான் கண்டேன். உள்துணியில், தையல் ஓரமாக, பச்சைத் தூள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் இருவருக்கும் தடித்த ஜாக்கெட் ஒன்றுதான். தேவாலயத்தில் இரண்டு தந்தார்கள். ஒன்றை ரயிலில் விட்டுவிட்டு இறங்கினது நான். காலையில் நான் போட்டுக்கொண்டு போவேன், மத்தியானம் வந்ததும் அவர் போட்டுக்கொண்டு போவார். எறும்புகளுக்குத் தீனாக, பனியிலும் உதிராத முட்செடி இலையைப் பற்றைப் புதர்களில் பிடுங்கி, உறைந்துபோகாமல் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுவருவது என் பழக்கம்.

"அண்ணை, நோயறையிலை செத்த எறும்பு டின்னை எரிக்கிற அடுப்புக்கு எப்பிடிக் கொண்டுபோறனீங்கள்?"

"கையாலதான். பின்னை காலாலயோ?"

"ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டோ?"

"அந்தக் குளிருக்கை வெறும் ஓவரோலோட முற்றத்தைத் தாண்டச் சொல்லுறியோ? டின் மூடி லூஸ். காத்துக்குப் பறக்கும் எண்டு உள்ளுக்கை அணைச்சுக்கொண்டு ஓடுவன்."

உள்துணியைத் திருப்பிக் காட்டினேன். சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"மஞ்சள்தூளாயிருக்கும்."

"மஞ்சள் எப்ப பச்சையானது?"

"வாயைத் திறக்காதை, சொல்லிப்போட்டன். வியாழன் எனக்கு விசாரணை. வேலையாலை நிப்பாட்டினா அங்கை போய் என்னத்தைக் காட்டுறது? ரிக்கற் கிழிச்ச விரலையோ?"

"ராணி செத்தா ஆரிட்டைக் கடிதம் வாங்குவியள்?"

"அது செத்தாப் பாப்பம். நான் போறன்."

ஜாக்கெட்டைத் தொடாமல், இரண்டு சுவெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்.

மறுநாள் குவியல் இன்னும் பெருத்திருந்தது. பூஞ்சைத் தோட்டத்தின் ஓரத்திலேயே எறும்புகள் செத்துக் கிடந்தன. நோய் நடுவுக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் டொக்டர் வந்து நின்றார். நான் அண்ணையிடம் கேட்காமல் ஜாக்கெட் கதையைச் சொன்னேன்.

"அந்த ஜாக்கெட் உன்னுடையதா, அவருடையதா?"

"இரண்டு பேருடையதும்."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டார். காலையில் எனக்கு, பின்னேரம் அவருக்கு என்றேன். சுவரில் தொங்கிய விதிகளைப் பார்த்தார். சப்பாத்து, கையுறை, தொப்பி, ஓவரோல் எல்லாம் அதில் இருந்தன. ஒரு ஜாக்கெட்டை இரண்டு பேர் போடுவார்கள் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. டொக்டர் கோபிக்கவில்லை. நான் சுருட்டிக் கொண்டுவந்திருந்த ஜாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ஒட்டினார்.

"கை கழுவிக்கொண்டு வா. விளக்கைப் பிடி."

பூஞ்சைத் தோட்டம் நனைந்த பாண் ரொட்டி போல உதிர்ந்தது. அவர் கரண்டியால் ஒவ்வொரு துண்டாக விலக்கினார். சிப்பாய் எறும்புகள் கையுறையைத் துளைத்துக் கடித்தன. அவர் விரலில் இரத்தம் வந்தது, கையை எடுக்கவில்லை. நான் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். அடியில், குஞ்சு எறும்புகள் போர்வையாக மொய்த்திருக்க, ராணி இருந்தாள். மழமழவென்று, விரல் நுனி அளவு. அவளையும், சுற்றியிருந்த வெள்ளைத் தீன்பூஞ்சையில் ஒரு கைப்பிடியையும் புதுப் பெட்டிக்கு மாற்றினார். பழைய பெட்டி அடுப்புக்குப் போனது.

அன்று பின்னேரம் அண்ணையிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். "புதன்கிழமை வரை பார்ப்போம். அறை இருந்தால்தான் கடிதம் எழுதமுடியும்."

அந்த ஐந்து நாளும் அண்ணை என்னோடு கதைக்கவில்லை. சோறு ஆக்கினார், எனக்கும் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் இலையை மூன்று தண்ணீரில் கழுவிப் போட்டேன். முதல் நாள் ஏழு பிணம். இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் இரண்டு.

புதன் காலை மூலை வெறுமையாக இருந்தது. டொக்டர் பூஞ்சையின் ஓரத்தை மெல்லத் தூக்கி, தலையசைத்து என்னைக் கூப்பிட்டார். அரிசிக் குறுணல் போலப் புது முட்டைகள்.

அண்ணையையும் வரவழைத்து இருவரையும் மேசைக்கு எதிரில் இருத்தினார். ஒரே அறையில் படுக்கும் இருவர் இனி இந்த இரண்டு அறைகளிலும் வேலை செய்யமுடியாது. நோயறையை மாணவர்கள் பார்ப்பார்கள். சுத்த அறைக்கு ஒருவர் போதும்.

"யார்?"

தனக்கு வேண்டும் என்று அண்ணை கேட்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"அவர் நிக்கட்டும்" என்றேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் ஆறு மாதம் நின்றால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும். துன் நகரத்தில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவ ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அண்ணை வாய் திறந்தார்.

"விசரா, என்னட்டை ஒரு சொல் கேக்காமல் அவவிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டாய், என்ன?"

"ஓம்."

"நான் எண்டால் சொல்லியிருக்கமாட்டன்."

"தெரியும்."

டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் அவருடைய சேட்டுப் பைக்குள் இருந்தது. இரண்டுமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த முள்ளிலையை எந்தப் பற்றையிலை பிடுங்கிறனி? வா, காட்டிப்போட்டுப் போ."