எட்டுக் குடம்

ஊராட்சித் தலைவருக்கு ஊர் வைத்த பெயர் 'கடைசி வீட்டுக்காரர்'. வீடு இருந்ததென்னவோ தெருமுனையில், முதல் வீடாக. மன்றத்தில் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் தன் வீட்டைக் கடைசியில்தான் எழுதுவார். ஐந்து தேர்தல், இருபத்தைந்து வருஷம், ஒரே பிடிவாதம். ஊர் மெச்சியது. மெச்சிய ஊரா வந்து தண்ணீர் தூக்கும்? தூக்கியவள் அவர் மனைவி.

வீட்டுக்கு வீடு குழாய் போடத் தொடங்கி எட்டு வருஷமாகிறது. பட்டியல் நகர்ந்து நகர்ந்து இவர்கள் வீட்டை நெருங்கும். அதற்குள் எவராவது புது வீடு கட்டிவிடுவார். தலைவர் அதை மேலே சேர்த்துத் தன்னைக் கீழே இறக்கிக்கொள்வார். எங்கேயாவது செங்கல் இறங்கினாலே யார் வீடு என்று இவள் விசாரிக்கப் போய்விடுவாள்.

அறுபத்திரண்டு வயதில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தெருக்குழாயிலிருந்து வந்து வாசல்படி ஏறுவதற்குள் உயிர் போய் வந்தது. சொல்லிப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். இன்னும் மூன்றே வீடுதான் என்றார் மனுஷன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மனு வாங்கும் நேரத்தில், மன்றத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். எழுத்தர் பதறிப்போய் உள்ளே வரச் சொன்னார். அவள் அசையவில்லை, முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள்.

தலைவரிடம் ஒரு வழக்கம். எந்த மனுவையும் எழுந்து நின்று, கொடுத்தவர் காதில் விழும்படி வாசிப்பார். யார் செய்யப்போகிறார், எப்போது, இரண்டையும் கீழே எழுதாமல் எவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

இவள் முறை வந்தது. நீட்டிய காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று கணீரென்று ஆரம்பித்தவர், 'தினமும் எட்டுக் குடம்' என்ற இடத்தில் தடுமாறினார். 'முழங்கால் மடங்கவில்லை. வீட்டில் சொன்னால் என் கணவர் கேட்பதில்லை. தாங்கள் கேட்பீர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள்' என்பதையும் விடாமல் வாசித்து முடித்தார்.

எழுத்தர் பட்டியலை நைசாக அவர் பக்கம் தள்ளினார். ஒரு கோடு இழுத்தால் போதும், வீடு மேலே போய்விடும். தலைவர் பார்த்தார். மேலே மூன்று வீடு. ஒன்றில் படுத்த படுக்கையாக ஒருவர், இன்னொன்றில் கைக்குழந்தை. பட்டியலை மூடிவிட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பாழாய்ப்போன மனுஷன்.

மனுவின் கீழே ஏதோ எழுதி, முத்திரை குத்தி, நகலைக் கொடுத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் அதைப் பிரித்தாள்.

'வரிசை வரும்வரை தண்ணீர் எடுத்துத் தருபவர்: தலைவர். தொடக்கம்: நாளை காலை ஐந்தரை.'

மறுநாள் தெருக்குழாயில் ஒரே சிரிப்பு. தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடத்தோடு நின்றார். பெண்கள் வழிவிட்டும் முன்னால் போகவில்லை, அங்கேயும் கடைசிதான். வழியெல்லாம் சிந்திக்கொண்டு முக்கால் குடம் வீடு வந்து சேர்ந்தது.

வாசலில் நின்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துண்டை நீட்டினாள்.

"முட்ட முட்டப் பிடிக்காதீங்க. ரெண்டு விரல் கீழயே நிறுத்துங்க, சிந்தாது."

தலைவர் குடத்தை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் இவ்வளவு கனமாவா இருந்துச்சு?"

அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"போங்க, இன்னும் ஏழு குடம் இருக்கு."