அறுந்துகொண்டே இருந்த இணைப்பு

“லயத்துப் பிள்ள தொட்டா கம்ப்யூட்டர் சரியாயிடுமா?” என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மனைவி கிராணியம்மா, தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளையான என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

இன்று அலுவலகத்தில் ஃபேக்ஸ் இயந்திரம் கீச்சிட்டபோது, செண்டாயான் பக்கம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டமும், கிராணி வீட்டு முன்னறையும், அங்கே மோடம் இப்படியே கீச்சிட்டு ஓய்ந்த பிற்பகல்களும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாக வந்து நின்றன. கிராணியின் மகள் சுமதி பகாவ் ஊரில் இருந்த தன் மாமன் மகளோடு கம்ப்யூட்டரில் டாங்கிச் சண்டை விளையாடுவாள். சண்டை சூடுபிடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்துவிடும்.

“பழைய விண்டோஸ்லா, அதான். நீதான் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கிளப்பாச்சே, பாருடி,” என்றாள் சுமதி.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதாவது கெட்டுப்போனால், அப்பாவுக்குத் தினமும் வேலைக்குப் பேர் போடுவது இந்த வீட்டுக் கிராணிதானே என்ற பயத்தில் மவுஸ் என் வியர்வையில் வழுக்கியது. எதை மாற்றியும் இணைப்பு நிலைக்கவில்லை. அடுத்த முறை அறுந்தபோது அடுப்படியில் ‘டிங்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. தோட்ட மேலாளரான தொரை எந்த நேரமும் கூப்பிடுவார் என்று கிராணியம்மா, மோடம் ஓடிய அதே லைனில் அங்கிருந்த இன்னொரு டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். அதில் இரைச்சல் கேட்டால் லைன் கெட்டுவிட்டதென்று பதறி, மறுபடி மறுபடி எடுப்பார். அவர் எடுக்கும்போதெல்லாம்தான் இணைப்பு அறுந்தது; கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

அதை அவரிடம் யார் சொல்வது? சுமதி திரும்பிப் பார்ப்பதற்குள், லயத்துப் பிள்ளைகள் யாரும் நுழையாத அந்த அடுப்படிக்குள் போய், “கிராணிம்மா, கொஞ்ச நேரம் போனை எடுக்காதீங்க,” என்று சொல்லிவிட்டிருந்தேன்.