மருந்தடித்த துளசி

2009 புரட்டாசி மாதம். திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு தையல் வேலை செய்துவந்தேன். எனக்குத் துணை இரண்டு கும்பிடுபூச்சிகள். சிரிக்காதீர்கள். முன்கால்களைக் கூப்பிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி நம் முகத்தையே பார்க்கும் அந்தப் பச்சைப் பூச்சியை வளர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆசை புரியும்.

அதற்கு உயிருள்ள இரைதான் வேண்டும். ஈயைத் துரத்திக்கொண்டு நான் எங்கே ஓட? மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்து, கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்கவிட்டேன். துளசியையும் கதிர்விடச் செய்தேன். வெயில் ஏறினால் தேனீயும் ஈயும் ஒரே கூட்டம். ஈயைப் பிடித்து, கொசுவலை கட்டிய கூடைக்குள் விட்டால் போதும்.

வீட்டுக்கார அக்கா கீழே குடியிருந்தார். பார்க்கும்போதெல்லாம் கிண்டல்தான். "ஊரே பூச்சிய அடிச்சிக்கினு கீது, நீ என்னாடான்னா அதுக்குப் பந்தி வச்சிக்கினு கீற!" ஆனாலும் அவர் பூஜைக்குத் துளசி என் தொட்டியிலிருந்துதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, துணி எடுக்க விழுப்புரம் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். மாடியில் ஒரு ஈ சுருண்டு உட்கார்ந்திருந்தது. தொட்டதுமே சிக்கியது. கூடையில் விட்டேன். இன்னொன்றும் அப்படியே.

சனிக்கிழமை காலையில் இரண்டு கும்பிடுபூச்சியும் காலை விறைத்துக்கொண்டு செத்துக் கிடந்தன. பதறி மாடிக்கு ஓடினேன். தொட்டியைச் சுற்றித் தேனீக்கள் உதிர்ந்து கிடந்தன. துளசியை முகர்ந்தால், மல்லாட்டைக் கொல்லையில், அதான் வேர்க்கடலை வயலில், அடிக்கிற மருந்து நாற்றம்! செடியில் நாலைந்து கிளை புதிதாகக் கிள்ளியிருந்தது.

கீழே பாய்ந்தேன். அக்கா பெருமாள் படத்துக்கு முன்னால் தீர்த்தச் சொம்போடு நின்றார். தண்ணீரில் என் துளசி மிதந்தது.

"அக்கா, குடிக்காதீங்க! செடியில மருந்து அடிச்சிருக்கு!"

"சனிக்கெழம அதுவுமா என்னாடி பேச்சு இது? உன் பூச்சி செத்தா பெருமாள் தீர்த்தம் வெஷமாயிடுமா?"

அக்காவின் வீட்டுக்காரர் துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். "அண்ணே, மாடியில மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டேன். மனுஷர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அக்கா என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். அப்போதும் மனுஷர் காலண்டரையே பார்த்தார். அக்கா தீர்த்தம் மொண்ட உத்தரணிக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோன பிறகுதான் வாய் திறந்தது.

"ஏய், இரு இரு, குடிக்காத! கொல்லைக்கு வாங்குன மருந்து மிச்சம் இருந்திச்சி. பூச்சித் தொல்ல தாங்கலன்னு... கொஞ்சமாத்தான் அடிச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் திட்டு வாங்கும்போது வராத பேச்சு, சொந்தப் பெண்டாட்டியின் உதட்டுக்குக் கிட்டே தீர்த்தம் போனதும் வருகிறதே! அந்த முதல் தீர்த்தத்தை எனக்குக் கொடுத்திருந்தால் இந்த மனுஷர் சொல்லியிருப்பாரா?

சொம்பைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்தார்கள். சாயங்காலம் அக்கா மேலே வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நீ பூச்சி வளக்கப்போயிதான இவ்ளோ பேஜாரு? வேற வூடு பாத்துக்கம்மா."

பார்த்துக்கொண்டேன். செத்த பூச்சிகளை அந்தத் தொட்டி மண்ணிலேயே புதைத்துவிட்டு, தொட்டிகளோடுதான் கிளம்பினேன். இன்றைக்கும் யார் வீட்டிலாவது துளசித் தீர்த்தம் நீட்டினால், அவர்கள் செடியில் ஒரு தேனீயாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என் கை நீளுகிறது.