சுவர் தின்ற றீற்றாவும் கறுப்பு மருந்தும்

மருந்து கலக்குகிறவனுக்கு நோயாளியை விட அவர் கொண்டுவரும் போத்தல்தான் முதலில் அறிமுகமாகும். அரசாங்க ஆஸ்பத்திரி யன்னலுக்குள் நின்று சீரழிந்த சக பாவிகளே, இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

போத்தல்

எண்பத்தாறில் நான் ஊர்காவற்றுறைப் பக்கம் வேலை. கரம்பொன் ஊர்த் திரேசம்மா தன் ஐந்து வயது மகள் றீற்றாவைக் கூட்டி வந்தா. பிள்ளைக்குச் சோறு இறங்காது. மண், அடுப்புக்கரி, சுவர்ச் சுண்ணாம்பு என்றால் அமிர்தம். கண்ணின் உட்பக்கம் வெளிறிக் கிடந்தது. டொக்டர் பூச்சிக் குளிசையும் இரும்புச்சத்து மருந்தும் எழுதி, "ஆறு கிழமையிலை தேறாட்டி யாழ்ப்பாணம் அனுப்பி இரத்தம் ஏத்த வேணும்" என்றார். திரேசம்மாவுக்குக் கைக்குழந்தை வேறு. புருசன் அந்தோனி கடலுக்குப் போகிறவர். அவவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கும் மனம் கேட்கவில்லை.

போத்தலை வாங்கினேன். மண்ணெண்ணெய் மணம் மூக்கைத் துளைத்தது. "இதிலை மருந்து விட ஏலாது அக்கா, கழுவிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"சுவர் தின்னிறவளுக்கு இந்த மணம் ஒரு மணமே, ஐயா?"

கறுப்பு

மூன்றாம் நாள் அந்தோனி வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போகிறதாம். இரும்பு மருந்து குடித்தால் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனுசன் பயந்து வரவில்லை, பாராட்ட வந்திருக்கிறார்.

"அருமையான மருந்து, ஐயா! ஒரு வருசமாத் திண்ட கரி முழுக்க வெளியாலை வருது!"

பனங்கட்டி

மூன்று கிழமை போயும் றீற்றா சுவரை விடவில்லை. எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று திரேசம்மாவைக் கேட்டேன். கசக்குது என்று பனங்கட்டி கடிக்கக் கொடுத்து, வெறுந்தேத்தண்ணியோடு பருக்குகிறாவாம். தலையில் அடித்துக்கொண்டேன். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. அதை முதல்நாளே சொல்லாத மடையன் நான்தான். "தேத்தண்ணி வேண்டாம், தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணியோடை குடுங்கோ. பனங்கட்டி பரவாயில்லை" என்றேன்.

ஆறாம் கிழமை டொக்டர் றீற்றாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதவில்லை. திரேசம்மா அழுதுகொண்டே சிரித்தா. "இப்பவும் சுவர் தின்னிறாளோ?" என்று கேட்டேன்.

"சுவர் தப்பீட்டுது ஐயா, பனங்கட்டிதான் ஒண்டும் தப்பேல்லை!"

சுவரை மறக்கடிக்க மருந்து இருந்தது. பனங்கட்டியை மறக்கடிக்கும் மருந்தை இன்றுவரை நான் எந்தப் போத்தலிலும் கலக்கவில்லை.