ரேடியோ டீச்சர் வாயை மூடிய வகுப்பு

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் மொழிப்பாடம், இந்தப் பக்கம் நான் நடத்தும் கணக்கு. என் பிள்ளைகள் கணக்கோடு சேர்த்து எட்டாம் வகுப்பு மொழிப்பாடத்தையும் இலவச இணைப்பாக இன்னொரு தடவை கேட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் நிற்பவர் அப்படிப்பட்டவர். மணி அடித்தால் தொடங்குவார், மறுபடி மணி அடித்தால்தான் நிறுத்துவார். பிள்ளைகள் அவருக்கு ரேடியோ டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. "நல்ல பேர்தானே சார், நாலு பேருக்குக் கேக்குதுன்னு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டார்.

ஒல்லியான உடம்பு. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியாது. கைப்பையில் எப்போதும் ஒரு வெந்நீர்க் குப்பி, தொண்டைக்கான மிட்டாய், சாக்பீஸ் தூள் துடைக்க ஒரு துண்டுத் துணி. வகுப்பில் அவர் கேள்வியே கேட்கமாட்டார் என்று சொன்னால் பாவம். கேட்பார். "அந்தப் பெண் ஏன் அழுதாள்? ஏன் அழுதாள் என்றால்..." என்று அதே மூச்சில் பதிலையும் சொல்லிவிடுவார். நடுவில் ஒரு ஈ நுழைய இடம் இருக்காது.

வீட்டில் நேர்மாறு. அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் டீச்சரைக் கூட்டிப்போக வந்தபோது என்னிடம் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டா சார். நானும் பேசி ஓய்ஞ்சுட்டேன். உங்க ஸ்கூல்லதான் எல்லாத்தையும் கொட்டிட்டு வந்துடறாளே." டீச்சர் பக்கத்தில் நின்று புன்னகைத்தார்.

வகுப்பில் கொட்டிய அந்தப் பேச்சு பயத்தில் வந்த பேச்சு என்பது எனக்குத் தெரியவந்தது புதிய தரநிலைகள் வந்த பிறகுதான்.

மொழிப்பாடத்தை இனி எப்படி நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து புதிய தரநிலைகள் வந்தன. சுருக்கமாகச் சொன்னால், டீச்சர் பேச்சைக் குறைக்க வேண்டும், பிள்ளைகள் பேச வேண்டும். பாடத்தைப் படித்துப் பிள்ளைகளே கேள்வி கேட்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் பயிற்சி. அதன்பின் மதிப்பீட்டாளர் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர் பக்கத்தில் வேறு பாடத்து ஆசிரியர் ஒருவரும் உட்கார வேண்டும். தேறாதவர்களை வகுப்பிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். சம்பளம் குறையாது, ஆனால் பிள்ளைகள் கிடையாது. எனக்கெல்லாம் அது வரம் மாதிரி. ரேடியோ டீச்சருக்கு அதைப் படித்ததும் முகத்தில் ரத்தம் இல்லை.

பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். பக்கத்தில் உட்காரப்போகும் ஆசிரியர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெரிய கூடம், ஒரு மின்விசிறிதான் ஓடியது. ஆசிரியர்களை மாணவர்களாக உட்கார வைத்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே வந்திருக்கலாம். கடைசி வரிசைக்கு அடிதடி. டீ எப்போது என்ற கேள்வியைத் தவிர வேறு கேள்வி எழவில்லை. கலர் காகிதம் கொடுத்து குழுவாகச் சேர்ந்து எழுதச் சொன்னால், பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதினார்கள்.

பயிற்சியாளர் பொறுமைசாலி. "கேள்வி கேட்டதும் காத்திருங்க. பிள்ளைங்க யோசிக்கட்டும். முடிஞ்சா உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியாக் கேளுங்க" என்றார்.

ரேடியோ டீச்சர் என் காதருகே குனிந்தார். "பதில் தெரியாத கேள்வியை நான் எதுக்கு சார் கேக்கணும்? எனக்கென்ன கிறுக்கா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிற்பகலில் ஒவ்வொருவராக முன்னால் வந்து நடத்திக் காட்ட வேண்டும். ஒரு பத்தியை வாசித்து, ஒரு கேள்வி கேட்டு, சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான். ரேடியோ டீச்சர் வாசித்தார், கேட்டார், கேட்ட வாயோடு பதிலையும் சொல்லிவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. "இன்னொரு தடவை டீச்சர், நிதானமா" என்றார் பயிற்சியாளர். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் தாங்கவில்லை, பதிலைச் சொல்லிவிட்டு இருக்கைக்கு ஓடி வந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி பாடத்தில் வந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள். இவருக்குத் தெரியவில்லை. ஏதோ உளறியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சரியான அர்த்தம் தெரிந்திருந்தது, வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. "அன்னைக்கு முடிவு பண்ணேன் சார். இவங்களுக்கு வாய் தொறக்க நேரமே குடுக்கக் கூடாதுன்னு. நான் பேசிக்கிட்டே இருந்தா யாரும் எதுவும் கேக்க முடியாதுல்ல? இத்தனை வருஷமா ஓட்டிட்டேன். இப்போ வந்து வாயை மூடுங்கறாங்க. மூடினா குட்டு வெளிய வந்துடும் சார்."

"என்ன குட்டு டீச்சர், உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு எவ்வளவு தெரியாதுன்னு எனக்குத்தானே தெரியும்?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் இருந்த பயம் என்னையும் தொற்றிக்கொண்டது.

அடுத்த வாரத்தில் ஒருநாள் நான் பின்னத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். டீச்சர் நன்றாகத்தான் இருந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் மோவாயில் விரலை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன டீச்சர் இது?"

"யோசிக்கறாங்க சார்" என்றார் டீச்சர். "ஒத்திகை."

நாடகத்தைக் கச்சிதமாக அமைத்திருந்தார். பாடத்தில் ஒரு கதை. அப்பா மகளுக்கு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லி, வாங்க முடியாமல் வெறுங்கையோடு வருகிறார். மகள், "எனக்கு சைக்கிளே பிடிக்காதுப்பா" என்று சொல்லிவிடுகிறாள். கதை அவ்வளவுதான். அதில் யார் எந்தக் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது, யார் அதை மறுத்துப் பேசுவது, கேட்டபின் எவ்வளவு நேரம் மோவாயில் விரல் வைத்திருப்பது, எல்லாம் பிரித்துக் கொடுத்திருந்தார். கூடவே எங்கள் ஆசிரியர் குலத்தின் பழைய வித்தை ஒன்றும் இருந்தது. யாராவது பார்வையிட வந்தால் டீச்சர் எதைக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை. டீச்சர் வலக்கையாகப் பார்த்துக் கூப்பிடுவார். வந்தவர் கண்ணுக்கு வகுப்பே அறிவுக்களஞ்சியமாகத் தெரியும். இதைச் செய்யாத ஆசிரியர் எங்கள் பள்ளியில் இல்லை. நானும் அதில் அடக்கம்.

மதிப்பீட்டாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, மெல்லிய குரல். அதிகாரி என்றால் உருட்டி மிரட்டுவார் என்று எதிர்பார்த்திருந்த எங்களுக்கு அந்த மென்மைதான் அதிகப் பயம் தந்தது. கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் நான்.

நாடகம் அமோகமாக நடந்தது. விரல்கள் மோவாய்க்குப் போயின, கூரையைப் பார்த்தன கண்கள், "எனக்கு வேற மாதிரி தோணுது டீச்சர்" என்று ஒரு பையன் சரியான இடத்தில் மறுத்தான். அந்தப் பெண் அப்பாவின் மனம் நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னாள் என்று முடிவாயிற்று. டீச்சர் மொத்தமாக நாலு வாக்கியம்தான் பேசியிருப்பார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். "நல்லா இருந்துச்சு டீச்சர். ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கே, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இதுவரைக்கும் இந்த வகுப்புல கேக்காததா இருக்கட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அவர் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் கேட்க ஏதும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் ஒத்திகையில் தீர்த்துவிட்டார். தொண்டையைச் செருமினார். கடைசியில் வந்து விழுந்தது: "இந்தக் கதையில... உங்களுக்கு எது புரியல?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் டீச்சர் கேட்டால் கை தூக்க வேண்டும் என்பது சட்டம். தூக்கினார்கள். வகுப்பு முழுக்க இடக்கை.

"பரவாயில்லையே, எல்லாருமே!" என்று மதிப்பீட்டாளர் மகிழ்ந்துபோனார். "யாரையாவது கூப்பிடுங்க டீச்சர்."

டீச்சரின் கண் வரிசை வரிசையாக அலைந்தது. ஒரு வலக்கை, ஒரே ஒரு வலக்கை கிடைத்தால் போதும். இல்லை. முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண்ணைக் காட்டினார். அவள் எழுந்தாள். டீச்சர் வாயைத் திறந்தார், வழக்கம்போல் தானே சொல்லிவிடத்தான். சத்தம் வரவில்லை. அத்தனை வருடப் பேச்சும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது.

கண்ணாடிக்காரி திருதிருவென்று விழித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், நான் எடக்கைதானே தூக்கினேன்..."

"எடக்கைன்னா என்னம்மா?" என்றார் மதிப்பீட்டாளர்.

கேட்டவர் பெரியவர், உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். "தெரிஞ்சா வலக்கை, தெரியலன்னா எடக்கை. எடக்கையை டீச்சர் கூப்பிட மாட்டாங்க."

நான் பெஞ்சில் யாரோ கீறி வைத்திருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "பயம் மேடம்" என்றார். "வேற ஒண்ணுமில்ல. பயம்."

கண்ணாடிக்காரியை யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவள் நின்றுகொண்டே இருந்தாள். "உங்களுக்கு என்ன பயம் டீச்சர்?"

"எனக்குத் தெரியலன்னு ஆயிட்டா, வகுப்பை விட்டு வெளிய அனுப்பிடுவாங்கம்மா."

அவள் யோசித்தாள். மோவாயில் விரல் வைக்காத யோசனை. "எங்களுக்கு மனப்பாடப் பாட்டு தெரியலன்னா நீங்க வெளிய நிக்க வைப்பீங்களே, அந்த மாதிரியா?"

குத்திக்காட்டும் எண்ணமே அந்தக் குரலில் இல்லை. புரிந்துகொண்டோமா என்று சரிபார்த்துக்கொள்ளும் குரல் அது. தெரியாதவர்களை வெளியே நிறுத்துவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். என் வகுப்புக்கு வெளியிலும் அப்போது இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

டீச்சர் "ஆமா" என்றார்.

மதிப்பீட்டாளர் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். டீச்சரை வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள், என்னை வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜன்னல் வழியாக டீச்சர் தெரிந்தார். தலைமை ஆசிரியர் அறையின் சாத்திய கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். பிள்ளைகளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரி மட்டும் மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள், தன்னால்தான் வந்தது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

டீச்சர் திரும்பி வந்தார். என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இன்னொரு வாய்ப்பு குடுத்திருக்காங்க சார். சொல்லாம கொள்ளாம வருவாங்களாம். என்னைக்கு வேணா வருவாங்க. அன்னைக்கும் இப்படின்னா வகுப்பு போச்சு." இனி ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அவர் கண் வாசலுக்குப் போகும் என்று எனக்குத் தோன்றியது.

மணி அடிக்க நேரமிருந்தது. வழக்கமான ரேடியோ தொடங்கும் என்று நான் எழுந்தேன். டீச்சர் முன்வரிசைக்குப் போய்க் கண்ணாடிக்காரியின் பெஞ்சில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் உன்னை வெளிய நிக்க வைக்கறப்போ நீ என்ன பண்ணுவ?"

அவள் தலையைத் தூக்கவில்லை. டீச்சர் காத்திருந்தார். நானும் போகாமல் நின்றேன். நீளமான காத்திருப்பு அது. பயிற்சிக் கூடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அதே மனுஷியா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் அந்த முகத்தில் பயம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை.

"கதவுல காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பேன் டீச்சர்" என்றாள் அவள். "உள்ள என் பேர் வருதா, கூப்பிடுவீங்களான்னு."

டீச்சர் அவள் முதுகில் கையை வைத்தார்.

"நானும் இப்ப அதைத்தான்டா பண்ணிட்டு வரேன்" என்றார்.